இடது மூக்குக்கு விடுமுறை

தினமும் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் மூக்கண்ணன் தன் மூக்கைக் கிளப்பியாக வேண்டும். வாசல் கதவருகே நின்று, சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு வெள்ளை பாட்டிலை எடுப்பார். தலையைக் குனிந்து வலது பக்கம் இரண்டு தடவை, இடது பக்கம் இரண்டு தடவை ‘சிக், சிக்’ என்று அடித்து உறிஞ்சுவார். பிறகு மனைவி நீட்டும் தைல டப்பாவில் சுண்டுவிரலை விட்டு மீசைக்கு மேலே ஒரு கோடு இழுப்பார். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும். அதற்கு அப்புறம்தான் அவருக்குப் பொழுது விடியும்.

“என்னங்க, பெட்ரோல் போட்டாச்சா? கெளம்பலாமா?” என்பாள் மனைவி.

“ரிசர்வ்ல ஓடுது. உன் தம்பிகிட்ட இன்னொரு பாட்டில் வாங்கணும்” என்பார் அவர்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியில் எல்லாருக்கும் அவர் மூக்கண்ணன்தான். கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர்களில் மூக்கை வைத்துப் பெயர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “சிலிண்டர்ல இல்லம்மா, அடுப்புக்குப் பின்னாடி டியூப்ல கசியுது” என்று சொல்லிவிடுவார். டார்ச் அடித்துப் பார்த்தால் டியூபில் மயிரிழை அளவு வெடிப்பு இருக்கும். வீட்டுக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். அவர் மோந்து பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மற்ற ரிப்பேர்காரர்கள் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, சிலிண்டரும் டியூபும் சேரும் இடங்களில் தடவிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் கசிவு. கண்ணுக்குத் தெரிகிற சாட்சி. உண்மையில் அதுதான் சரியான முறை. மூக்கண்ணனுக்கோ அது கௌரவக் குறைச்சல். “நுரை பாத்திரம் கழுவறதுக்கு. இது எதுக்கு இருக்கு?” என்று தன் மூக்கைத் தட்டிக் காட்டுவார்.

அப்படிப்பட்ட மூக்குக்குத்தான் போன மழைக்காலத்தில் ஒரு ஜலதோஷம் வந்தது. ஜலதோஷம் யாருக்குத்தான் வராது? நாலு நாள் தும்மிவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். ஆனால் மூக்கையே முதலாகப் போட்டுப் பிழைக்கிறவர் நாலு நாள் சும்மா இருக்க முடியுமா? நேராகப் போய் மச்சினனின் மருந்துக்கடையில் நின்றார்.

மச்சினன் தங்கமான மனிதர் என்று தெருவே சொல்லும். டாக்டர் சீட்டு எங்கே, யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். தலைவலி என்று சொல்லி முடிப்பதற்குள் மாத்திரை கைக்கு வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான்.

“இந்தாங்க மாமா. ஒரு அடி அடிச்சீங்கன்னா கதவு திறந்த மாதிரி இருக்கும்.”

இருந்தது. ஜலதோஷமும் சொன்னபடி போய்விட்டது. ஆனால் மூக்கடைப்பு மட்டும் போகவில்லை. மருந்து அடித்தால் திறக்கும். கொஞ்ச நேரத்தில் முன்னைவிட இறுக்கமாக அடைக்கும். திரும்ப அடித்தால் திறக்கும். காலையில் மட்டும் அடித்தது மத்தியானமும் அடிக்கவேண்டியதாயிற்று. பிறகு சாயங்காலமும். பிறகு கணக்கே இல்லை. பாட்டில் இல்லாமல் வாசற்படி தாண்டினால் அவருக்குக் கை காலெல்லாம் உதறும்.

சளி போன பிறகும் மூக்கு ஏன் அடைக்கிறது? இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. பதில் மட்டும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். “தூசி மாமா, உங்க தொழில் அப்படி” என்றார் மச்சினன். “உள்ளுக்குள்ள கபம் கட்டியிருக்கு” என்று மனைவி தைலத்தை இன்னும் தாராளமாகத் தடவினாள். “தலையை ஈரத்தோட விட்டிருப்பீங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். மூக்கண்ணனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு சங்கதி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மனைவியின் சமையல் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “என்ன போட்டு வதக்கினே? ஒண்ணுமே தெரியலையே” என்று தட்டைத் தள்ளுவார். அவள் முகம் வாடும். அடுத்த நாள் பூண்டை இரண்டு பங்காக நசுக்கிப் போடுவாள். அவர் அதையும் குறை சொல்வார். கோளாறு அடுப்பங்கரையில் இல்லை, சாப்பிடுகிறவர் முகத்தின் நடுவில் இருக்கிறது என்று அவள் எப்படிக் கண்டாள்? அவருக்கு உள்ளூர ஒரு மூலையில் தெரியும். அந்த மூலைப் பக்கம் அவர் போகவேயில்லை. ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் பழகின பழக்கத்தில் வாஷரை மாற்றினார், டியூபை மாற்றினார், வழக்கம்போல மூக்கை ஒரு சுழற்று சுழற்றி ‘சரியா இருக்கு’ என்றார். எல்லாரும் நம்பினார்கள். எது நடக்கக்கூடாதோ அது அதுவரை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் காலையில் தையல்காரப் பெண்ணின் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள்.

சின்ன வீடு. முன்னறையில் தையல் மெஷினும், பாதி தைத்த ரவிக்கைகளும், தரையெல்லாம் துணி வெட்டின துண்டுகளும் கிடந்தன. பின்னால் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாத அடுப்பங்கரை. ஒரே ஒரு ஜன்னல், அதிலும் பாதிக்கு அட்டை அடைத்திருந்தது. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் லோடு வேன் ஓட்டுகிறவன். அன்றைக்கு அவனுக்கு லீவு. லீவு நாளில் கேஸ் நாற்றம் என்று உசுப்பி எழுப்பிவிட்டாளே என்ற கோபம் அவன் முகத்தில் இருந்தது.

“இவளுக்கு இப்ப எல்லாமே நாறுதுண்ணே. சோப்பு நாறுது, என் சட்டை நாறுது, நான் பக்கத்துல வந்தா நான் நாறுறேன். இன்னிக்கு கேஸ் நாறுதாம். எனக்கு ஒண்ணும் தெரியலை” என்றான். அவன் வாயிலிருந்து பீடி வாசனை அடித்தது. அதுவும் மூக்கண்ணனுக்குத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

“அந்த நாத்தம் வேற, இந்த நாத்தம் வேற. எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள்.

மூக்கண்ணன் அடுப்பங்கரையில் நுழைந்தார். மூச்சை இழுத்தார். பச்சைக்கற்பூரமும் புதினாவும் மாதிரி ஜிலுஜிலுவென்று உள்ளே போயிற்று. அது அவர் மீசைக்கு மேலே இருந்த தைலம்.

“ஒண்ணும் இல்லையேம்மா.”

“சிலிண்டர்கிட்ட குனிஞ்சு பாருங்கண்ணே.”

சட்டைப் பையிலிருந்து நழுவாமலிருக்கப் பாட்டிலை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் குனிந்தார். ரெகுலேட்டர் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார். அங்கேயும் அதே ஜிலுஜிலுப்புதான். நிமிர்ந்து, ஆஸ்பத்திரியில் ரிசல்ட் சொல்கிறவர் மாதிரிக் கையை உதறினார்.

“சுத்தமா இருக்கு. மாசமா இருக்கறப்ப அப்படித்தாம்மா. மூக்கு ஏமாத்தும்.”

“நான் சொன்னேன்ல?” என்றான் புருஷன். “அண்ணனே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன?”

அவள் மேடையிலிருந்த லைட்டரை எடுத்துக்கொண்டாள். பேசினால் யார் கேட்கப்போகிறார்கள்? மூக்கண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனை தாண்டியிருக்கமாட்டார், இடது பக்கம் அடைத்தது. சட்டைப் பையில் கைவிட்டார். பாட்டில் இல்லை. அப்போது பார்த்து வலது பக்கமும் அடைத்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டபடி வண்டியைத் திருப்பினார். அந்த வீட்டின் மேல் உள்ள அக்கறையில் திரும்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாட்டிலுக்காகத்தான் திரும்பினார்.

உள்ளே சத்தம் கேட்டது.

“குடுடி லைட்டரை. ஒரு காபி போடறதுக்கு ஒரு போராட்டமா?”

“குடுக்கமாட்டேன்.”

“அவரே பாத்துட்டுப் போயிட்டாரு!”

“யார் பாத்தாலும் சரி. குடுக்கமாட்டேன்.”

மூக்கண்ணன் எட்டிப் பார்த்தார். அவள் லைட்டரை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தாள். ஜன்னல் அட்டையைக்கூடப் பிய்த்துப் போட்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கீழே சிலிண்டர் பக்கம் கையை நீட்டினாள்.

சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேருகிற இடத்தில், பாத்திரம் தேய்க்கிற சோப்பை நார் வைத்துக் குழைத்து அப்பியிருந்தாள். அந்த நுரையில் ஒரு குமிழி மெதுவாகப் பெருத்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று பெருத்தது. பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு. உடைந்தது. மறுபடி ஒன்று.

மூக்கண்ணனுக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடினார், கழற்றினார், சிலிண்டரைத் தூக்கி வெளியே வெட்டவெளியில் வைத்தார். “சுவிட்ச் எதையும் தொடாதீங்க, ரெண்டு பேரும் வெளிய வாங்க” என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்தார். வெளியே வைத்து சிலிண்டரின் வாயைப் பார்த்தபோது, உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் கீறிப் போயிருந்தது. புதிது மாற்றினார். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். அந்த டிரைவரே சோப்புக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றான்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் உள்ளே போய் அந்த வெள்ளை பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

“அண்ணே, எனக்கு வாசல்லயே குடலைப் புரட்டுச்சு. நீங்க அது மேலயே குனிஞ்சீங்க, உங்களுக்குத் தெரியலை. உங்க மூக்குக்கு என்னண்ணே ஆச்சு?”

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். மூக்கண்ணன் பாட்டிலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூக்குடைபட்டு என்று சொல்வார்களே, அப்படித்தான் வீடு திரும்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

“என் கண்ணைக் கட்டு.”

“எதுக்குங்க?”

“கட்டு சொல்றேன். வீட்ல வாசனையா என்ன இருக்கோ எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மூக்குகிட்ட நீட்டு.”

அவளுக்கும் என்னவோ ஆர்வம் வந்துவிட்டது. துண்டை எடுத்துக் கட்டினாள். முதலில் காபிப் பொடி டப்பாவை நீட்டினாள். அவர் யோசித்து யோசித்து, “சோப்பா?” என்றார். பூண்டை நசுக்கிக் காட்டினாள். “தண்ணி.” தரை துடைக்கிற பினாயிலைத் திறந்து, ஒரு முழ தூரத்தில் பிடித்தாள். அவளுக்கே மூக்கு எரிந்தது. “என்ன, வெறும் கையைக் காட்டறியா?” என்றார்.

அவள் துண்டை அவிழ்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப இத்தனை மாசமா என் சமையலைக் கொறை சொன்னதெல்லாம்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்குக் கைமணம் போயிடுச்சோன்னு நான் ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன், தெரியுமா?” என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் காலையில் நடந்ததைச் சொன்னார். அவள் கோபத்தை அப்படியே மறந்துவிட்டு, “அய்யோ, மாசமா இருக்கற பொண்ணு…” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நேரே மச்சினன் கடைக்குப் போனார் மூக்கண்ணன்.

“மாப்ளே, என் மூக்கு ஏன் அடைக்குது?”

“அட, பாட்டில் தீந்துருச்சா மாமா? இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு வந்திருக்கு…”

“பாட்டில் கேக்கலை. ஏன் அடைக்குதுன்னு கேக்கறேன்.”

மச்சினன் விழித்தார். “அது தெரிஞ்சா நான் ஏன் மாமா கடை வச்சிருக்கேன்? டாக்டராயிருப்பேனே.”

“தெரியாமலேதான் இத்தனை நாள் குடுத்தியா?”

“என்ன மாமா இப்படிப் பேசறீங்க? நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன். நான் இல்லேன்னா எதிர்த்தாப்பல இருக்கற கடை குடுக்கும்.”

மூக்கண்ணன் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு அவர் மூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “என்ன மருந்து போடறீங்க? காட்டுங்க” என்றார். மூக்கண்ணன் பாட்டிலையும் தைல டப்பாவையும் மேஜைமேல் வைத்தார்.

“எத்தனை நாளா?”

“போன மழையிலேர்ந்து.”

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “உங்களுக்கு ஜலதோஷம் இல்ல. அது என்னிக்கோ போயிடுச்சு. இப்ப உங்க மூக்கை அடைச்சுட்டு இருக்கறது இந்த மருந்துதான்.”

“மூக்கைத் திறக்கற மருந்து எப்படிம்மா அடைக்கும்?” மூக்கண்ணன் கேட்டது சண்டைக்கு இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பழுது எங்கே என்று தேடிப் பழகின மனசு அது. தன் பழுதைத் தேடத்தான் இத்தனை நாள் தவறிவிட்டது.

“மூக்குக்குள்ள சின்னச் சின்ன ரத்தக்குழாய் நெறைய இருக்கு. சளி பிடிச்சா அது வீங்கும், வழி அடைச்சுக்கும். இந்த மருந்து அந்தக் குழாயை இறுக்கிச் சுருங்க வைக்கும், உடனே வழி கெடைக்கும். ரெண்டு மூணு நாளைக்கு இது நல்ல மருந்துதான், நான் குறை சொல்லலை. அதுக்கு மேல போட்டா, மருந்து வேகம் தணிஞ்சதும் குழாய் பழையபடி வீங்கும், முன்னைவிட அதிகமா வீங்கும். நீங்க திரும்ப அடிப்பீங்க. அது திரும்ப வீங்கும். வீங்கின மூக்குல காத்து மேல வரைக்கும் போகாது. வாசனை தெரியற எடமே மேலதான் இருக்கு.”

“அப்ப தைலம்? அது போட்டா நல்லாத் திறக்குதே?”

“திறக்கலை. திறந்த மாதிரி இருக்கு. அதுல இருக்கற குளிர்ச்சி, காத்து நெறைய போகுதுன்னு மூளைக்குச் சொல்லும். வழி அளவு என்னவோ அதே அளவுதான்.”

மூக்கண்ணன் வாயைப் பிளந்தார். “கதவைத் திறக்காமலே திறந்துட்டேன்னு சொல்லுமா?”

“ஆமா. ஜலதோஷத்துல ஒரு இதமா இருக்கும், அவ்வளவுதான். நெஞ்சுல தடவிக்கோங்க, தப்பில்ல. மூக்குக்குள்ளயும் மூக்குக்குக் கீழயும் வேண்டாம். அதுவும் உங்க தொழிலுக்கு, கேஸ் வாசனை வந்தாக்கூட இந்த வாசனைதான் முன்னாடி நிக்கும்.”

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா. ஒரேயடியாக இரண்டு பக்கமும் நிறுத்தினால் மூச்சுத் திணறித் திரும்ப பாட்டிலைத் தேடுவார் என்று, ஒரு வழி சொன்னார். முதலில் இடது பக்கத்துக்கு மட்டும் அந்த மருந்தை நிறுத்த வேண்டும். அதற்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்தார், உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். வலது பக்கத்துக்குப் பழையபடி. இடது தேறியதும் வலதை நிறுத்த வேண்டும்.

“அடேயப்பா, ரெண்டு பர்னர் அடுப்புல ஒண்ணை மூடிட்டு இன்னொண்ணைப் பாக்கற மாதிரி” என்றார் மூக்கண்ணன். இது அவருக்குப் புரிகிற பாஷை. நிறுத்து என்று சொன்னதைவிட, சோதித்துப் பார் என்று சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து இடது மூக்குக்கு விடுமுறை. சும்மா சொல்லக்கூடாது, அது விடுமுறையில் படுத்தே கிடந்தது. சிமெண்டு வைத்துப் பூசினாற்போல் அடைத்துக்கொண்டது. மூக்கண்ணன் உட்கார்ந்து பார்த்தார், நின்று பார்த்தார், தலையணையை உயர்த்திப் பார்த்தார். ஒரு சாயங்காலம் கை தானாகவே பாட்டிலை இடது பக்கம் கொண்டுபோயிற்று. மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

“வலதுக்குத்தான் அனுமதி. இடது லீவுல இருக்கு” என்றாள்.

“ஒரே ஒரு சொட்டுடி.”

“அந்தப் பொண்ணு லைட்டரை எப்படிப் பிடிச்சுக்கிட்டிருந்தான்னு சொன்னீங்க? நானும் அப்படித்தான் பிடிச்சுக்குவேன்.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் கூச்சப்படாமல் சோப்புத் தண்ணீர் கேட்டார். “என்னண்ணே, நீங்களா நுரை கேக்கறீங்க?” என்று சிரித்தவர்களிடம், “மூக்கு ரிப்பேர்ல இருக்கு” என்று உண்மையையே சொன்னார். முன்னால் மோந்து பார்த்துவிட்டு ‘சரி’ என்று சொல்லி வந்த வீடுகளை நினைவுபடுத்தித் தேடிப்போய், கூப்பிடாமலே இணைப்புகளை நுரை தடவிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு வீட்டில் டியூபை மாற்றவேண்டியிருந்தது. அந்த இரண்டு வீட்டிலும் அவர் கூலி வாங்கவில்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். வலது பக்கம், கொஞ்சம் முன்னால்தான் மருந்து அடித்த பக்கம், அதற்குள் திரும்ப அடைத்திருந்தது. இடது பக்கம், அந்தப் பாட்டிலையே காணாத பக்கம், காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. வலதை விரலால் மூடினார். இடதில் இழுத்தார். போயிற்று. இடதை மூடினார். வலதில் இழுத்தார். சுவர்.

“இங்க வாயேன், இங்க வாயேன்!” என்று கத்தினார். மனைவி ஓடி வந்தாள். “பாட்டில் அடிச்ச பக்கம் அடைச்சிருக்கு, அடிக்காத பக்கம் திறந்திருக்குடி!”

டாக்டரம்மா சொன்னபோது காதால் கேட்டதுதான். இப்போது தன் முகத்திலேயே, ஒரு விரல்கடை தூரத்தில், பொய்யும் மெய்யும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அன்றைக்கே வலது பக்கத்துக்கும் மருந்தை நிறுத்தினார். அதுவும் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் பினாயில், அப்புறம் தன் வேலைச் சட்டையின் வியர்வை, அப்புறம் பூண்டு. பூண்டு வதங்குகிற வாசனையில் அவர் அடுப்பங்கரைக் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல அழுதார். “நல்லா இருக்குடி” என்றார். மனைவி திரும்பிப் பார்க்காமல், “போதும், போதும்” என்றாள். இன்னும் நாலு பல் பூண்டை உரித்து வாணலியில் போட்டாள்.

சில மாதங்கள் கழித்து, மனைவியின் கைக்காயத்துக்குப் பிளாஸ்திரி வாங்க மச்சினன் கடைக்குப் போயிருந்தார். அப்போது அந்த டிரைவர் வேகமாக வந்தான். பின்னால், கொஞ்சம் தள்ளி, தையல்காரப் பெண் கைக்குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“குழந்தைக்கு மூக்கடைப்பு. பெரியவங்க போடற ஸ்பிரே இருக்குல்ல, அது ஒண்ணு குடுங்க. ஒரு தைலமும். மூக்குல தடவிவிட்டா சரியாப்போயிடும்” என்றான்.

“டாக்டர்கிட்ட போகலாம்னு சொல்றேன், கேக்கமாட்டேங்கறாரு” என்றாள் அவள். குரல் மெல்லியதாக இருந்தது.

“இதுக்கெல்லாம் டாக்டரா? உனக்கு எல்லாமே பயம்.”

மச்சினன் அதற்குள் பாட்டிலையும் டப்பாவையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். பில் போடக் கை போயிற்று. மூக்கண்ணன் இரண்டின் மேலும் தன் அகலமான கையை வைத்து மூடினார்.

“மாமா?”

“எடுக்காதே மாப்ளே. தம்பி, நீயும் கேளு. அன்னிக்கு இந்தப் பொண்ணு வாசனை வருதுன்னு சொன்னா. நீயும் கேக்கலை, நானும் கேக்கலை. இவ லைட்டரை ஒளிச்சதால இந்தக் குழந்தை இன்னிக்கு இருக்கு. எனக்கு மூக்கே இல்லாமப் பண்ணது இதே பாட்டில், இதே டப்பா. மாப்ளே, நீ ஒண்ணும் கேக்காமக் குடுத்தே, நான் ஒண்ணும் கேக்காம வாங்கினேன். நல்லவன்னு உனக்குப் பேரு, மூக்கண்ணன்னு எனக்குப் பேரு. நடுவுல ஒரு குடும்பம் வெந்து போயிருக்கும். யாருக்கு, எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு கேக்காமக் குடுக்கற மருந்தும் சரி, கேக்காமப் போட்டுக்கற மருந்தும் சரி, அது மருந்தே இல்ல, விஷம். பச்சைக்குழந்தை மூக்குல அதைத் தடவிட்டு, அப்புறம் யாரை நொந்துக்கறது?”

கடையில் வேறு யாரும் இல்லை. டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டான். மச்சினன் மூக்கண்ணன் கையை மெதுவாக விலக்கி, பாட்டிலையும் டப்பாவையும் எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தார். மேஜையைச் சுற்றி வெளியே வந்தார். புருஷனைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றார்.

“நீங்க சொல்லுங்கம்மா. குழந்தைக்கு என்ன பண்ணுது? எத்தனை மாசம்?”

“ரெண்டு மாசம் ஆகலைங்க. நேத்துலேர்ந்து பால் சரியாக் குடிக்கலை. மூச்சு வேகமா வாங்குது, நெஞ்சு குழி விழுது. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்…”

மூன்று ஆண்களும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

அவள் முடிக்கும் முன்பே மச்சினன் கடையின் ஷட்டரை இழுக்கத் தொடங்கிவிட்டார்.

“இதுக்கு என் கடையில மருந்து கெடையாதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம், இப்பவே. மாமா, வண்டியை எடுங்க.”